இலவசப் படிப்புக்கு 12 லட்சம்: ஜெர்மனிக்கு ஒரு மனு

அனுப்புநர்: தமிழ்நாட்டில் பி.இ. முடித்துவிட்டு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகளின் சார்பில், ஒரு பத்திரிகைக்காரர்.

பெறுநர்: புதுடெல்லி ஏ.பி.எஸ்., பெர்லின் யூனி-அசிஸ்ட், பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகம், தூதரக விசாப் பிரிவு ஆகியவற்றில் எந்த மேசைக்கு இது உரியதோ, அந்த மேசை.

பொருள்: ஒருமுறை சரிபார்த்த தாளை மறுபடி மறுபடி சரிபார்ப்பதைச் சற்றே நிறுத்திக்கொள்ளக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஒரே மனுவை நான்கு அலுவலகங்களுக்கு அனுப்புவது மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். உங்கள் நாட்டில் எம்.எஸ். படிக்க ஆசைப்படும் பிள்ளை ஒரே மதிப்பெண் பட்டியலைத்தான் இந்த நான்கு இடங்களிலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மனுவும் அந்த நடைமுறையையே பின்பற்றுகிறது.

முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும். 2024 அக்டோபரில் அன்றைய சான்சலர் ஒலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்திருந்தபோது, திறன்மிகு இந்தியப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசாக்கள் 90,000 ஆகும் என்ற அறிவிப்பு வந்தது. இங்கே கன்சல்டன்சி வாசல்களில் அன்றைக்கே ஃப்ளெக்ஸ் மாறியது. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களைத் தாண்டி இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்கள் 49,483 பேர். அடுத்த ஆண்டில் எண்ணிக்கை 60,000-ஐ நெருங்கியது. உங்களுக்கு ஆள் வேண்டும், இங்கே ஆள் இருக்கிறது. இதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் தாம்பூலத்தட்டில் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டுவிட்டு, மண்டப வாசலில் நின்று வருகிறவர்களிடம் ஆதார் அட்டை கேட்கும் கல்யாண வீட்டை மனுதாரர்கள் இதுவரை பார்த்ததில்லை.

அழைப்பின் சாரம் ஒரு வரிதான்: 'ஜெர்மனியில் ஃபீஸ் கிடையாது.' இது பெருமளவு உண்மையும்கூட. அரசுப் பல்கலைக்கழகங்களில் சில நூறு யூரோ செமஸ்டர் கட்டணத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து முதுகலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்துவிட்டது. இந்த விதிவிலக்குகளைக் கன்சல்டன்சிக்காரர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். அது வேறு வழக்கு. இந்த மனு, ஃபீஸ் கிடையாது என்று நீங்கள் சொல்லும் இடங்களைப் பற்றியது.

2022 நவம்பர் 1 முதல், இந்தியாவிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றானது. கட்டணம் 18,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி, இன்ஜினியரிங் செமஸ்டர் ஒவ்வொன்றின் பட்டியலையும் பார்த்து, 'இந்தத் தாள்கள் நிஜமான தாள்கள்' என்று ஒரு தாள் தருகிறார்கள். இதில் குறை சொல்ல வாய் கூசத்தான் செய்கிறது. நம்மூரில் போலிச் சான்றிதழே கிடையாது என்று எழுதினால், இந்த மனுவைத் தட்டச்சு செய்யும் கணினியே சிரித்துவிடும். போலிப் பட்டங்களை விற்றவர்கள் பிடிபட்ட செய்தி ஆண்டு தவறாமல் வருகிறது. சீனாவில் இதே அமைப்பை நீங்கள் 2001-லேயே தொடங்கிவிட்டீர்கள். இருபது வருடம் கழித்துத்தான் நம்மேல் சந்தேகம் வந்தது என்பதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொள்ளலாம்.

மனுதாரர்களின் சந்தேகம் அதற்கடுத்த படியில்தான் தொடங்குகிறது. 18,000 ரூபாய் கட்டி நிஜம் என்று நிரூபித்த அதே தாள்களை ஸ்கேன் செய்து, அந்த நிரூபணத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து, பெர்லினில் இருக்கும் யூனி-அசிஸ்ட்டுக்கு ஏற்ற வேண்டும். 2003-இல் பல்கலைக்கழகங்கள் கூடி உருவாக்கிய அமைப்பு அது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ. அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஐந்து படிப்புக்குப் போட்டால் 195 யூரோ, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பாது. அங்கே நான்கு முதல் ஆறு வாரம் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு கோப்பு பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, அவர்களும் பார்க்கிறார்கள். எல்லாம் முடிந்து விசாவுக்குப் போனால், அங்கே இருப்பவருக்கும் அந்த மதிப்பெண் பட்டியலைப் பார்க்க ஆசை. ஐந்தாம் செமஸ்டர் கணிதத் தாளில் அந்தப் பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணை அதன் பெற்றோர்கூட இத்தனை முறை பார்த்ததில்லை.

பார்ப்பதோடு நின்றால் பரவாயில்லை, மாற்றவும் செய்கிறீர்கள். உங்கள் ஊரில் 1.0 உச்சம், 4.0 தட்டுத்தடுமாறிய பாஸ். 'ரெண்டு புள்ளி மூணு வந்திருக்கு' என்று ஒரு பையன் சந்தோஷமாகச் சொல்ல, பாட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்தால் அது பாட்டியின் தப்பு அல்ல. நம் சி.ஜி.பி.ஏ.-வை உங்கள் எண்ணாக்க 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று இருக்கிறது. உச்சப் புள்ளியான பத்திலிருந்து மாணவர் வாங்கியதைக் கழி, அதே பத்திலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளியைக் கழி, முன்னதைப் பின்னதால் வகு, மூன்றால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. எளிய கணக்குதான். வில்லங்கம் அந்தக் 'குறைந்தபட்சத் தேர்ச்சி'யில் இருக்கிறது.

ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் படித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா 2017 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை), தம்பி 2021 ரெகுலேஷன். இரண்டிலும் பாஸ் மார்க் 50தான். ஆனால் 2017-இல் கடைசித் தேர்ச்சி கிரேடு 'பி', அதற்கு 6 புள்ளி. 2021-இல் அதற்குக் கீழே 'சி' என்று ஒன்று வந்தது, அதற்கு 5. இருவரும் 7.8 வாங்கியிருக்கிறார்கள். சூத்திரத்தில் 6 போட்டால் அக்காவுக்கு 2.6, 5 போட்டால் தம்பிக்கு 2.3. 2.5-ஐ வாசற்படியாக வைத்திருக்கும் படிப்புகள் உங்களிடம் நிறைய. தம்பி உள்ளே போவான். அதே வாத்தியாரிடம், அதே பெஞ்சில் படித்து அதே 7.8 வாங்கிய அக்கா வெளியே நிற்பாள். இருவரில் யார் கெட்டிக்காரர் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. கடைசி கிரேடுக்கு என்ன புள்ளி என்று சென்னையில் ஒரு கமிட்டி எடுத்த முடிவு மட்டும் வருகிறது.

தாள்கள் பற்றி இன்னும் கொஞ்சம். பரிந்துரைக் கடிதம் கேட்கிறீர்கள். அது இங்கே எப்படிப் பிறக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் காத்திருந்து, மாணவர் மெதுவாக 'சார், ஒரு எல்.ஓ.ஆர்...' என்று இழுப்பார். விடைத்தாள் கட்டிலிருந்து தலை தூக்காமல் ஹெச்.ஓ.டி. சொல்வார்: 'நீயே டைப் பண்ணிக் கொண்டாந்துடுப்பா, லெட்டர்ஹெட்ல. கையெழுத்துப் போட்டுத் தரேன். சீல் ஆஃபீஸ்ல வெச்சுக்கோ.' ஆக, தன்னடக்கத்துக்குப் பேர்போன நம் பிள்ளைகள், தங்களைத் தாங்களே 'என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவர்' என்று பேராசிரியர் குரலில் புகழ்ந்து எழுதிக்கொள்கிறார்கள். இந்தத் தாளின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க மட்டும் உங்களிடம் ஓர் அலுவலகமும் இல்லை. இருக்க வேண்டியது இதற்குத்தான்.

அப்புறம், குடும்பப் பெயர். உங்கள் படிவங்களில் அந்தக் கட்டம் சிவப்பு நட்சத்திரத்தோடு இருக்கிறது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் முதலெழுத்தும். பள்ளிச் சான்றிதழில் அந்த எழுத்து பெயருக்கு முன்னால், கல்லூரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி 'சர்நேம்' கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே வெறுமையாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகு வரும் சேர்க்கைக் கடிதம் 'அன்புள்ள திரு. மாரிமுத்து' என்று தொடங்கும். பி.இ. படித்தது பையன். மாரிமுத்து மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

அந்த மாரிமுத்துவிடம்தான் இனி நீங்கள் பேசப் போகிறீர்கள், ஏனென்றால் அடுத்து வருவது பணம்.

முடக்கப்பட்ட கணக்கு என்று ஓர் ஏற்பாடு. விசாவுக்கு முன்பே ஒரு வருடச் செலவுக்கான தொகையை ஜெர்மன் கணக்கில் போட்டுவிட வேண்டும். போன பிறகு மாதாமாதம் அளந்து தருவார்கள். 2023-இல் 11,208 யூரோவாக இருந்தது 2024 செப்டம்பரிலிருந்து 11,904, அதாவது மாதம் 992. யூரோ நூறு ரூபாயைத் தொட்டுவிட்ட காலத்தில் இது ஏறக்குறைய 12 லட்சம். இது மாணவரின் பணம், அவருக்கே திரும்பி வருகிறது என்பீர்கள். சரிதான், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஒரு பிள்ளை அந்நிய ஊரில் நிற்கக் கூடாது என்ற அக்கறையும் அதில் இருக்கிறது. ஆனால் எந்த மளிகைக் கடைக் கல்லாவில் 12 லட்சம் மொத்தமாக இருக்கிறது?

ஆகவே வங்கி. பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக்கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். உடனே பீரோவிலிருந்து தாய்ப்பத்திரம் வெளியே வரும். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். பட்டாவில் இன்னும் தாத்தா பெயர் இருக்கும். வாரிசுச் சான்று வேண்டும். இரண்டு அத்தைகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு அத்தையோடு பேச்சுவார்த்தை இல்லை. பேனல் வக்கீலின் லீகல் ஒப்பீனியனுக்கு ஒரு தொகை, மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளந்து போக ஒரு தொகை. 'மெக்கானிக்கல் எம்.எஸ். படிக்க அத்தை எதுக்குக் கையெழுத்துப் போடணும்?' என்று அந்த அத்தை கேட்கிறார். உங்கள் விசா அதிகாரிகளில் யாராவது நேரில் வந்து அவருக்கு விளக்கினால் உதவியாக இருக்கும். படிப்பு இலவசம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காக முடித்தவர்களுக்கும் விசா மறுக்கப்படுவது உண்டு. அப்படி மறுத்தால், கட்டணமில்லாமல் அதே தூதரகத்துக்கு 'மறுபடி பாருங்கள்' என்று எழுத முன்பு வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் அந்த வழியை மூடிவிட்டீர்கள். இப்போது மறுக்கப்பட்டவர் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். காரைக்குடியில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, செமஸ்டர் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போது, பெர்லினில் வக்கீல் வைத்து ஜெர்மன் அரசின்மேல் கேஸ் போட வேண்டும். மறுபடி பார்ப்பதில் இத்தனை ஆர்வமுள்ள நான்கு அலுவலகங்கள், விண்ணப்பதாரர் தானே கேட்கும்போது மட்டும் ஒருமுறைகூட மறுபடி பார்க்க முடியாது என்பது மனுதாரர்களுக்குப் புரியவில்லை.

கோரிக்கைகள் பெரிதல்ல. டெல்லி பார்த்ததை பெர்லின் நம்பட்டும். பெர்லின் பார்த்ததைத் தூதரகம் நம்பட்டும். நான்குமே ஒரே நாட்டுக்காகத்தானே வேலை பார்க்கின்றன, ஒருவரை ஒருவர் நம்புவதற்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டுமென்றால் அந்த 18,000 ரூபாயை வசூல் செய்து தர மனுதாரர்கள் தயார். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த ரெகுலேஷனுக்குக் குறைந்தபட்சப் புள்ளி எவ்வளவு எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை விண்ணப்பம் தொடங்கும் முன்பே அட்டவணை போட்டு வெளியிடுங்கள். 11,904 யூரோவை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். 'குடும்பப் பெயர்' கட்டத்திலிருந்து அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்; இதற்குச் செலவே கிடையாது.

பதில் அனுப்ப விரும்பும் அலுவலகங்கள் ஜூலை 15-க்குள் அனுப்பவும். பிந்தி வருபவை அடுத்த பருவத்தில்தான் பரிசீலிக்கப்படும். முதல் பதிலுக்கு 75 யூரோ, அடுத்தடுத்த பதில்களுக்குத் தலா 30. கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(இனிஷியல்: விண்ணப்பத்தைப் பொறுத்து முன்னாலோ பின்னாலோ)