பெட்டியில் குக்கர், படிவத்தில் சுற்றுலா

வாலாஜாபாத்தில் ஒரு பெண்ணுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மாப்பிள்ளை அமைந்துவிட்டால், அவள் அங்கேயே இருக்கப் போகிறாள் என்பது தறிச் சத்தத்தையும் மீறித் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரியக்கூடாத ஒரே ஆள், சென்னை அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. முறையான விசாவுக்குக் காத்திருந்து மாளாது என்பதால், "சும்மா சுத்திப் பார்க்கன்னு சொல்லிடும்மா" என்று மாமா ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். பாஸ்போர்ட்டே எடுக்காத மாமாக்கள்தாம் இதில் நிபுணர்கள்.

அமெரிக்காவின் 1952 குடியேற்றச் சட்டம் இந்த மாமாவை எதிர்பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது. சுற்றுலா விசா கேட்பவர், இல்லையென்று நிரூபிக்கும்வரை, குடியேற வந்தவர்தான். 2017-இல் அந்நாட்டு வெளியுறவுத் துறை இன்னொரு கணக்கும் சேர்த்தது: சுற்றுலாவாக நுழைந்து 90 நாளுக்குள் கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டால், பொய் சொல்லி வந்ததாக ஊகிக்கலாம். பொய் உறுதியானால் ஆயுள் தடை. விலக்குக்குத் தனி மனு. வேடிக்கை என்னவென்றால், நிச்சயித்த பெண்ணுக்கான கே-1 விசாவில் போனால், அதே 90 நாளுக்குள் கல்யாணம் முடிந்தே ஆகவேண்டும்! முகூர்த்தத்தைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதா, பாஸ்போர்ட் முத்திரையில் பார்ப்பதா?

அதற்குள் பெட்டி தயார். இரண்டு வாரச் சுற்றுலாவுக்கு ஏழு பட்டுப்புடவை, குத்துவிளக்கு, இட்லித் தட்டோடு குக்கர். நயாகராவைப் பார்த்தபடி இட்லி அவிக்கப் போகிறாளாம்.