கிலோவுக்குப் பால் உண்டா? ஓர் ஒப்பாய்வு

இலக்கணப்படி கிலோ அஃறிணை. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் இரண்டுதான். ஆண்பாலும் பெண்பாலும் அதற்கு இல்லை. தொல்காப்பியர் தொட்டு இதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் கணவரும் மனைவியும் அடுத்தடுத்து எடை பார்க்கும் வீடுகளில் கிடைக்கும் தரவுகள் இக்கொள்கையை ஐயுற வைக்கின்றன. அதே கருவி, அதே தரை, அதே 72. அவர் “பரவால்லையே” என்று இறங்குகிறார். அம்மையார் “இந்த மிஷினே சரியில்ல” என்று இறங்குகிறார். இம்முரணுக்குக் காரணம் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கைக்குழந்தைகளும் சுமோ வீரர்களும் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். எடை கூடினால் ஊரே கைதட்டும் நல்வினை செய்தவர்கள் அவர்கள்.

முதலில் இயற்பியல். பாரிசை அடுத்த செவ்ரில் கண்ணாடிக் குடுவைகளுக்குள் பூட்டி வைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றுதான் 1889 முதல் உலகத்துக்கே கிலோவாக இருந்தது. அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே நூறாண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தெரிந்தது. அறிஞர்கள் கலங்கிப் போனார்கள். 2019 மே 20 அன்று உருளைக்கு ஓய்வு கொடுத்து, பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவை வரையறுத்தார்கள். 50 மைக்ரோகிராமுக்கு இந்தப் பாடு. நம் உடம்போ தண்ணீர், உப்பு, சாப்பாடு என்று ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும்.

பெண்கள் இதை அறிவார்கள். அதனால் விடிந்ததும், காபிக்கு முன்பே, வளையலையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு, மூச்சடக்கி ஏறுகிறார்கள். ஆண் ஏறுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, செருப்போடு, போன், பர்ஸ், சாவிக்கொத்து சகிதமாக. அளவியல் நோக்கில் செவ்ர் அறிஞர்கள் பெண்ணின் முறையைத்தான் ஏற்பார்கள். ஆயினும் நுட்பமாக அளந்தவர் கலங்குகிறார். ஏனோதானோவென்று அளந்தவர் நிம்மதியாக டிவி பார்க்கப் போகிறார். ஆகவே சிக்கல் கருவியில் இல்லை என்பது தெளிவு.

உளவியலாரும் இதைத் தொட்டிருக்கிறார்கள். 1985இல் ஃபாலன், ரோசின் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், மெலிவிலிருந்து பருமன் வரை வரிசையாக வரைந்த ஒன்பது உருவங்களைக் கொடுத்தார்கள். இப்போது நீங்கள் எது, எதுவாக ஆசை, எதிர்பாலாருக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பன கேள்விகள். ஆண்களின் விரல் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே உருவத்தில் நின்றது. பெண்களின் விரல் மூன்று இடத்தில் நின்றது: இப்போதைய உருவம் பருமன், ஆண்களுக்குப் பிடிக்கும் என்று எண்ணியது அதைவிட மெலிவு, தாம் ஆசைப்பட்டது அதையும்விட மெலிவு. ஆண்களோ, பெண்கள் எண்ணியதைவிடச் சற்றுப் பருமனைத்தான் விரும்பினார்கள். யாருக்காக இந்தப் பட்டினி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உடல் நிறை எண்ணைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1832இல் தந்த பெல்ஜியத்துக் க்யூட்லே ஒரு வானியலாளர்; நட்சத்திரம் பார்க்க வந்தவர் நம் இடுப்பையும் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு பி.எம்.ஐ. என்று 1972இல் பெயர் சூட்டிய ஆன்செல் கீஸ் குழு சோதித்துப் பார்த்ததோ ஆண்களை மட்டுமே. ஆண்களை வைத்துப் பரீட்சை நடத்திவிட்டுத் தேர்வு முடிவைப் பெண்களிடம் நீட்டியிருக்கிறார்கள்.

இனி ஆவணச் சான்று. கல்யாணத்தின்போது 34 சைஸ் பேன்ட் போட்டவர் இன்றும் 34தான். தொந்தி வளர வளர பெல்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்கிறது, எண் மாறுவதில்லை. வேட்டிக்கு அந்தத் தொல்லையும் இல்லை. பெண்ணின் ஜாக்கெட்டோ மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி. தையல்காரர் உள்ளே கூடுதல் துணி விட்டு இரண்டு மூன்று தையல் போட்டிருப்பார். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடப்பட்ட அந்தத் தையல்களின் தழும்பு துணியிலேயே நிற்கும். ஒரு பாலாருக்கு வரலாறு உண்டு. மறு பாலாருக்கு மறதி மட்டும் உண்டு.

களஆய்வுக்கு மிக உகந்த இடம் கல்யாண மண்டபத்து வாசல். உடம்பு போட்டிருந்தால் “என்னடி இப்படி ஊதிட்டே?” அதே பெண் அடுத்த முகூர்த்தத்தில் குறைந்து வந்தால் “என்னடி இப்படித் துரும்பா இளைச்சிட்டே, மாமியார் சோறு போடலையா?” சரியான எடை என்று ஒன்று பெண்ணுக்கு இல்லை என்பது இதனால் பெறப்படும். ஆணுக்கு? கூடினால் “பொண்டாட்டி கைமணம், மாப்ளே!” குறைந்தால் “வீட்ல சரியா சமைக்கிறதில்லையோ?” இந்த இரண்டாவது ஜோடியைத்தான் இதுவரை யாரும் கூர்ந்து நோக்கவில்லை. அவர் ஏறினாலும் இறங்கினாலும் அது பதிவாவது மனைவியின் பேரேட்டில். அம்மையார் கருவியில் 72 கிலோவோடு ஏறுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் கணவருடைய 72ஐயும் சேர்த்து 144ஐச் சுமந்துகொண்டு ஏறுகிறார். ஐயா இறங்கும்போது ஏன் அவ்வளவு லேசாக இருக்கிறார் என்பதும் இதனால் விளங்கும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் இந்தியாவில் அதிக எடை கொண்ட பெண்கள் 24 சதவீதம், ஆண்கள் 22.9 சதவீதம். உடம்பில் வேறுபாடு இம்மட்டே; மற்றதெல்லாம் பேரேட்டில்தான்.

இந்தப் பேரேட்டை மாற்றி எழுத முடியுமா என்று ஒரு சோதனை செய்தேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம். வாசலில் நின்ற பெரியம்மாவிடம், இன்று ஒருநாள் பெண்களை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் விசாரியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். உற்சாகமாகத்தான் ஒப்புக்கொண்டார். நேரே தம் மருமகனிடம் போய், “என்ன மாப்ளே, இப்படி உடம்பு போட்டுட்டீங்க?” என்று மிகச் சரியாகத் தொடங்கினார். பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் நின்ற மகளிடம் திரும்பி, “நீ என்னத்தடி ஆக்கிப் போடுறே?” என்றார்.