தேசியப் பறவையும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும்

நாஞ்சில் நாட்டில் அக்கம்பக்கத்துச் சண்டைக்கு ஒரு தென்னை மட்டை போதும். அது யார் பக்கம் விழுந்தது என்று தொடங்கும் பேச்சு, பாட்டா காலத்து எல்லைக்கல் வழியாகச் சுற்றி நாகர்கோவில் கோர்ட்டில் போய் நிற்கும். ஆனால் அதே வேலியை ஒரு மயில் தாண்டினால் ஊரே வாயடைத்துப்போகிறது.

வேறு வழி? 1963-இல் அது தேசியப் பறவையாகிவிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு நிற்கிறது. போதாக்குறைக்கு, வேளிமலை குமாரசாமியின் வாகனம். இத்தனை சிபாரிசு உள்ள ஆளோடு யார் மோதுவது? நாற்றங்காலில் இறங்கி முளைநெல்லைப் பொறுக்கும், கீரைப்பாத்தியைக் கிளறும், போகும்போது கூரையேறி ஓட்டையும் நகர்த்திவிட்டுப் போகும்.

காட்டுப்பன்றியின் வழக்கு வேறு. அதுவும் அவதாரம்தான், ஆனால் செல்வாக்குப் போதவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு அனுமதித்தது. மரச்சீனி தோண்டும் பன்றி இனி மைல்கல் பார்த்து மேய வேண்டும்.

மயில் விஷயத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் சட்டம் இன்னும் தெளிவு. அவர் பாத்தி அழிந்த அன்று, "உம்ம மாமரத்துலல்லா வே அடையுது? அப்பம் அது உம்ம மயிலாக்கும்" என்றார். ஆவணியில் என் முற்றத்தில் பீலி உதிர்ந்ததும் முதல் ஆளாக வந்தார்: "எங்க விளையில மேஞ்ச மயிலாக்கும், பீலி எங்களுக்குள்ளது."

என் நாற்றங்கால் அழிந்ததே என்றேன். உடனே அது தேசியப் பறவையாகிவிட்டது.