நவம்பரில் வரும் ஆடி

மாட்சிமை பொருந்திய மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் சமுகத்துக்கு, பொதுமக்களில் ஒருவர் பணிந்து எழுதிக்கொள்வது.

2025 நவம்பர் தத்தெடுப்பு விழிப்புணர்வு மாதத்துக்குத் தாங்கள் தேர்ந்தெடுத்த கருப்பொருளைக் கண்டு உள்ளம் குளிர்ந்தோம். சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கு இல்லங்களுக்கு வெளியே மறுவாழ்வாம். அதற்கு முந்தைய நவம்பரில் வளர்ந்த குழந்தைகளின் முறை. தி.நகர் கடைக்காரர்களுக்கு ஆடித் தள்ளுபடி ஜூலையில் வந்து ஆகஸ்டில் போய்விடுகிறது. தங்கள் ஆடி நவம்பரில் வருகிறது, வரும்போதெல்லாம் தேங்கிய ரகம் ஒன்றை எடுத்து முன்வரிசையில் அடுக்குகிறது. போன ஆண்டு அடுக்கிய ரகம் என்ன ஆயிற்று என்று கேட்கும் அநாகரிகம் எங்களுக்கு இல்லை. சுவரொட்டியையும் சட்டப் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் படித்ததில் எழுந்த சில ஐயங்களை மட்டும் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறோம்.

முதலில் தள்ளுபடி விவரம். தங்கள் 2022 விதிமுறைகளின்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டும் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. எட்டு வயதைக் கடந்த குழந்தை என்றால் 110 வரை போகலாம். தனியாளுக்கு அதே கணக்கில் 40 என்பது 55 ஆகிறது. வளர்ந்த பிள்ளைக்குச் சற்று மூத்த பெற்றோர் என்பதில் நியாயம் உண்டு. இந்தத் தள்ளுபடியில் எங்களுக்குக் குறையில்லை. அடுத்ததுதான் அசல் ஆடி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிகளுக்கு (2017 விதிகளில் இந்தக் கோடு மூன்று பிள்ளைகளில் இருந்தது) உறவினர் பிள்ளை, துணைவரின் பிள்ளை தவிர்த்தால் சிறப்புத் தேவை உள்ள குழந்தையோ, எளிதில் குடும்பம் அமையாத குழந்தையோ மட்டும்தான். பழைய விதியை நம்பிப் பதிவுசெய்து காத்திருந்தவர்களுக்கும் இதே விதி. அது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிள்ளையே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்களே என்பது தங்கள் வாதம். உண்மைதான், 2021 டிசம்பரில் பதிவுசெய்து காத்திருந்தவர்கள் 27,939 பேர். இல்லாதவருக்கு முன்னுரிமை கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் முன்னுரிமை இழந்தவரிடம் ‘அந்த ரகம் இல்லை, வேண்டுமானால் இது இருக்கிறது’ என்று ஒரு குழந்தையைக் காட்டுவது வேறு காரியம். அதிகக் கவனம் தேவைப்படும் குழந்தை, இரண்டு பிள்ளைகளோடு ஏற்கெனவே கவனம் பங்குபோட்டிருக்கும் வீட்டுக்குப் போகிறது. அந்த வீடு பொருத்தம் என்பதற்காகப் போனால் கை கூப்புவோம். வேறெதற்கும் அந்த வீட்டுக்குத் தகுதியில்லை என்பதற்காக அல்லவா போகிறது?

மக்கள் கைக்குழந்தையைத்தான் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய என்று தாங்கள் கையை விரிப்பதுண்டு. இதிலும் உண்மை இருக்கிறது. படிவத்தில் இரண்டு வயதுக்குக் கீழ் என்று குறிப்பவர்கள்தான் அதிகம். மனத்தில் இருப்பது பெரும்பாலும் அதற்கும் கீழ். சரி, இந்த வளர்ந்த ரகம் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தது? கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கக் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சிறார் நீதிச் சட்டம் கொடுத்திருக்கும் காலம், இரண்டு வயதுக்குட்பட்டால் இரண்டு மாதம், மேற்பட்டால் நான்கு மாதம். 2022-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டதோ வேறு. இல்லங்களில் தத்துக்கு உரியவர்களாகக் கருதப்பட்ட குழந்தைகள் 6,996. அறிவிப்பு கிடைத்தவர்கள் 2,430. மீதிப் பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வளர்ந்துகொண்டிருந்தார்கள். எட்டு வயதில் யாரும் பிறப்பதில்லை, ஐயா. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் ஒரு பால்பல் விழுகிறது, இன்னொரு பல் முளைக்கிறது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு காக்ளியர் கருவி பொருத்த ஒன்றிய அரசின் திட்டமே ஐந்து வயதைக் கோடாகப் போட்டிருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டும்வரை கோப்பின் கட்டை அவிழ்க்காமல் வைத்திருந்துவிட்டு, பிறகு ‘சிறப்புத் தேவை’ என்று சீட்டு ஒட்டுவதற்குப் பெயர் நிர்வாகமா? பிள்ளையைக் கிழடாக்கிவிட்டுப் பிள்ளைக்குத் தள்ளுபடி போடுகிறீர்கள்!

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் கோப்பால் வளர்ந்தவர்கள் அல்லர். பெற்றோரை இழந்து ஏழு வயதில் இல்லத்துக்கு வருபவர்கள் உண்டு, எப்போதாவது எட்டிப் பார்க்கும் உறவினர் உள்ளவர்கள் உண்டு. விசாரிக்காமல் விடுவித்தால் பிள்ளை பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம் என்ற அச்சமும் நியாயமானதே. நிதானத்தை யாரும் குறை சொல்லவில்லை. அந்த நிதானத்துக்குத்தான் இரண்டு மாதமும் நான்கு மாதமும் கொடுத்தார்கள். அது குழந்தைகள் நலக் குழுவின் வேலை, எங்களுடையதல்ல என்று தாங்கள் சொல்லலாம். குழுவும் ஆணையமும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள். இல்லத்துக் குழந்தைக்கு இரண்டும் ஒரே வாசல்தான்.

அடுத்தது வீட்டுக்கு வந்த பிறகு. மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தி, தத்தெடுக்கும் தாய்க்கும் 12 வாரம் விடுப்பு என்றார்கள். குழந்தை மூன்று மாதத்துக்குட்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனையாக இருந்தது. கைவிடப்பட்ட குழந்தையின் அறிவிப்புக்கு மட்டுமே இரண்டு மாதம், அதன்பின் பொருத்தம் பார்ப்பு, கையொப்பங்கள். மூன்று மாதத்துக்குள் வீடு சேரும் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்தால் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த மூன்று மாதத்தைக் கலையாமல் எடுத்து வைத்தார்கள். இதற்கு என்னதான் காரணம் என்று உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசைக் கேட்டது 2024 நவம்பரில். ஆம், தங்கள் வளர்ந்த குழந்தைகள் ஆடி நடந்த அதே நவம்பரில்! பெயர் மாறி, படுக்கை மாறி, மொழியும் மாறி வந்து நிற்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய்க்கு அந்தச் சட்டத்தில் அப்போது ஒரு நாள்கூட இருக்கவில்லை. அது தொழிலாளர் துறையின் சட்டம் என்பீர்கள். சுவரொட்டி அடிக்கும்முன் அடுத்த கட்டடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

ஏற்றுமதிப் பிரிவுக்கும் பாராட்டு. 60 நாளில் உள்நாட்டில் குடும்பம் அமையாத குழந்தையை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் உடன்பிறப்புகளுக்கும் ஐந்து வயது கடந்தவர்களுக்கும் முன்னுரிமை தரலாம் என்று சிறார் நீதிச் சட்டத்தின் 59-ஆம் பிரிவே சொல்கிறது. அங்கே மருத்துவ வசதியும் சிறப்புப் பள்ளியும் இருக்கின்றன, இங்கே வாடுவதைவிட மேல் என்பது பதில். மறுக்க மாட்டோம், அப்படிப் போய் நன்றாக வாழும் குழந்தைகளின் மகிழ்ச்சியில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் அந்த வசதி இங்கே இல்லை என்பதை ஒரு நாடு தன் சட்டத்திலேயே ஒப்புக்கொண்ட பிறகு, இங்குள்ள குடும்பம் தயங்கினால் அதை மனமாற்றம் தேவைப்படும் குடும்பம் என்று சொல்வது எப்படி? விழிப்புணர்வு அதற்கு நிறையவே இருக்கிறது. மனநல ஆலோசகர் எந்த ஊரில் இருக்கிறார், பேச்சுப் பயிற்சிக்கு மாதம் எவ்வளவு ஆகும், பள்ளி சேர்த்துக்கொள்ளுமா என்பதெல்லாம் தெரிந்துதான் தயங்குகிறது.

விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று ஆடிக் கடைகளில் பலகை தொங்கும். தங்களிடம் அந்தக் கண்டிப்பு இல்லை. 2014-15 முதல் ஐந்தாண்டுகளில் திரும்பி வந்த குழந்தைகள் 1,100-க்கும் மேல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாங்களே பதில் தந்தீர்கள். ஆண்டுக்கு ஆண்டு அது குறைந்தும் வந்தது. அதற்கு உண்மையிலேயே நன்றி. திருப்பிவிட்ட பெற்றோரைத் திட்டுவது சுலபம், நாங்களும் திட்டியிருக்கிறோம். ஆனால் தங்கள் ஏற்பாட்டில் வீடு சேர்ந்த பின் இரண்டாண்டு, ஆறு மாதத்துக்கொரு முறை பின்தொடர் அறிக்கை. ஆக நான்கு. கைக்குழந்தைக்கும் நான்கு, பூட்டிய கதவைக் கண்டாலே அலறும் பத்து வயதுப் பெண்ணுக்கும் அதே நான்கு. வயது வரம்பில் 25 ஆண்டு தளர்த்தத் தெரிந்த கைக்கு, இந்த நான்கைப் பன்னிரண்டாக்கத் தெரியாதா?

ஆகவே தங்கள் திருவடிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த நவம்பரில் கருப்பொருள் எதுவாகவும் இருக்கட்டும். இல்லங்களில் உள்ள ஐந்து வயது கடந்த குழந்தைகள் ஒவ்வொருவருக்கும், பெயரும் படமும் இல்லாமல், இரண்டு தேதிகளை மட்டும் மாவட்டவாரியாக வெளியிடுங்கள். இல்லத்துக்கு வந்த தேதி, தத்துக்குத் தகுதியானது என்று அறிவித்த தேதி. இரண்டாவது இன்னும் வராதவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நிரந்தர வாடிக்கையாளர்