சுண்ணாம்புக்காரர்

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், பாழடைந்த பாரம்பரிய வீட்டை விலைக்கு வாங்கியவரைக் கண்டுபிடிப்பது எளிது. சட்டையில் சுண்ணாம்பு, அக்குளில் ஃபைல். நலம் விசாரித்தால் வீட்டின் நலத்தைச் சொல்வார்.

வாங்கும்வரை நம்மைப் போன்றவர்தான். திண்ணை, தாழ்வாரம், முற்றம், தேக்குத் தூண் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்ததால் வந்த வினை. “ஏங்க, இது இடிஞ்சு விழுந்துடாதா?” என்று வீட்டம்மா கேட்டார். “இத்தனை காலம் நின்னது, நாம வந்ததும் விழுந்துடுமா?” என்றார் இவர். கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி என்ற நகரமன்றக் கட்டடமே 2014 மழையில் சரிந்து விழுந்த ஊர் இது. வீட்டம்மா அதை நினைவூட்டவில்லை. பெருந்தன்மை.

முதலில் பத்திரம். வாரிசுகளில் பாதிப்பேர் பாரிஸில். மூலப்பத்திரமோ நோத்தேர் என்ற பிரெஞ்சுப் பத்திர அதிகாரி எழுதிய பிரெஞ்சில். அதைப் படிக்கவைத்துக் கேட்டே இவரும் பிரெஞ்சு கற்றார். இன்றும் அந்த மொழியில் நான்கு எல்லைகளைச் சொல்வார். ஒரு காபி கேட்கத் தெரியாது.

அடுத்தது அனுமதி. “பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற வீடு சார். முகப்புல கை வைக்கக் கூடாது, ஏசி பெட்டி தெருவுக்குத் தெரியக் கூடாது” என்றார்கள் ஆபீசில். கொதித்துப்போனார். “என் காசு, என் ஜன்னல்! நடுவுல இவங்க யாரு?” என்று வீதி வீதியாகப் புலம்பினார். வாங்கும்போது சட்டம் தெரியாதா என்றால், தெரியும். அது அடுத்தவருக்கு என்று நினைத்திருந்தார்.

அப்புறம்தான் அந்த மாற்றம். சிமெண்ட் பூசிய சுவர், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது, பூச்சு உப்பிக்கொண்டு உதிரும் என்று ஒரு கிழட்டு மேஸ்திரி காதில் ஓதினார். அன்றிலிருந்து சிமெண்ட் என்ற சொல்லே அவருக்குக் கெட்டவார்த்தை. சுண்ணாம்பை ஊறவைத்தார், அரைத்தார், கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தார். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய மாடிக்கூரையில் தேக்கு விட்டங்களுக்கு மேல் சின்ன அச்சுக்கல்லை ஏன் சாய்வாட்டில் நிறுத்தி அடுக்குகிறார்கள், அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி எப்படிக் கட்டையால் அடிக்கிறார்கள் என்பதைக் கல்யாணப் பந்தியில் விளக்குவார். பாயசம் வந்தால் தொலைந்தோம். “வெல்லமா? நம்ம கலவைக்கும் வெல்லத்தண்ணி உண்டு” என்று மறுபடி அடித்தளத்திலிருந்து தொடங்குவார். பக்கத்து இலைக்காரர் மோர் வாங்காமலே எழுந்துவிடுவார்.

வீட்டுக்குப் போனால் கூடத்தில் வாளி வைத்திருப்பார். ஒழுகுகிறதே என்றால், “வீடு மூச்சு விடுது” என்பார். மழைநாளில் ரொம்பவே விடும். 2008இல் யுனெஸ்கோ விருது வாங்கிய வைசியாள் வீதியைக் காட்டி, அடுத்தது நம் தெருதான் என்பார்.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் அலுமினிய ஜன்னல் வைத்துவிட்டார். இவர் சும்மா இருப்பாரா? நான்கு கோணத்தில் படமெடுத்து, மூன்று பக்க மனு எழுதி, அதே ஆபீசுக்குப் போய், தெருவின் அழகு பொதுச்சொத்து என்று முழங்கினார். குமாஸ்தா படங்களைப் பொறுமையாகப் புரட்டினார்.

“இந்தப் படம் உங்க மாடியிலிருந்து எடுத்ததா சார்?”

“ஆமாம். நல்லா விழுந்திருக்கா?”

“ரொம்ப நல்லா. ஓரத்துல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தண்ணித்தொட்டி தெரியுதே, அதுக்கு அனுமதி வாங்கிட்டீங்களா?”