குதிரைக்கு எதற்கு மருந்துச் சோதனை?

கேள்வி: பந்தயக் குதிரைக்கு வலி மருந்து கொடுத்தால் என்ன தப்பு? அதற்கும் வலிக்கும்தானே?

பதில்: வலிக்கும். அதனால் மருந்தும் கொடுக்க வேண்டும், லாயத்தில் ஓய்வும் கொடுக்க வேண்டும். மருந்தைக் கொடுத்துப் பந்தயத்தில் இறக்குவதுதான் தப்பு. வலி தெரியாத குதிரை அடிபட்ட காலையும் முழு வேகத்தில் ஊன்றும். எலும்பு முறிந்தால் ஜாக்கியின் உயிருக்கும் ஆபத்து. அதனால்தான் சோதனை.

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் 1968-இல் முதலில் வந்தது டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை. சிறுநீர்ச் சோதனையில் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிநீக்கி தென்பட, முதல் பரிசு ஃபார்வர்ட் பாஸுக்குப் போனது. அதே பந்தயத்தில் 2021-இல் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டும் பீட்டாமெத்தசோன் என்ற அழற்சி குறைக்கும் மருந்தால் பட்டத்தை இழந்தது.

குதிரையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. ‘முடியவில்லை’ என்று சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே மொழி நொண்டுவது. ஊசி போட்டு அந்த வாயையும் அடைப்பது கொடுமை!