பூர்வீகம் அறிந்த புழு

மீன்கடை அக்காவிடம் செவுளை மட்டும் தனியாகக் கேட்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. "பூனைக்கு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. அன்றிலிருந்து அவர் குடல், துடுப்பு, தலை என்று பை நிறையத் திணித்துத் தருகிறார்; பூனை குட்டி போட்டதா என்று அக்கறையாக விசாரிக்கிறார். புழு தேடுகிறேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். "என் மீன்ல புழுவா?" என்று அரிவாள்மனையோடு எழுந்துவிடுவாரோ என்று பயம்.

நான் தேடியது டாக்டைலோகைரஸ் என்ற தட்டைப்புழுவை. கெண்டை வகை மீன்களின் செவுளைக் கவ்விக்கொண்டு அங்குள்ள சளியையும் செல்களையும் தின்று வாழும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தலைப்பக்கம் நான்கு கண்புள்ளிகள். பின்பக்கம் ஒரு ஜோடி பெரிய கொக்கி, ஓரத்தில் 14 சின்னக் கொக்கிகள். விலங்கியல் படித்தவன் என்பதால் இதெல்லாம் மனப்பாடம். நேரில் வந்தால்தான் அடையாளம் தெரியாது. பழைய நுண்ணோக்கியில் நான் முதலில் கண்டது காற்றுக்குமிழி. அடுத்தது கிழிந்த செவுள் இழை. பெரிய கொக்கி என்று பரவசத்தோடு படமெடுத்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, இப்போது பேராசிரியராக இருக்கும் வகுப்புத் தோழன் எழுதினான்: "இது உன் கண்ணிமை முடி."

தவிர, ஐஸில் கிடந்த மீனில் தேடிக்கொண்டிருந்தேன். மீன் செத்தால் புழுவும் அதிக நேரம் தாங்காது, உதிர்ந்துபோகும், உருக்குலையும்.

இடையில் வீட்டுத் தொட்டியில் தங்கமீன் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் புழுதான் என்று முடிவு கட்டி, உப்புத் தண்ணீரில் முக்கியெடுத்தேன். மறுநாள் தெளிவாக நீந்தியது. நானும் வைத்தியனாக நிமிர்ந்து நடந்தேன். இந்தப் புழு முட்டையிடும் ஜாதி. முட்டை உப்புக்கெல்லாம் எளிதில் மசியாது. சில நாளில் பொரித்துப் புதுப்படை வந்துவிடும், அதனால் மறுபடியும் முக்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். மீன் மீண்டும் மூச்சுக்குத் தவித்தபோது மனைவி கேட்டாள்: "மாத்திரையைப் பாதியில நிறுத்தக் கூடாதுன்னு எனக்கு மட்டும்தான் சொல்வீங்களா?"

உயிர்மீன் வேண்டுமென்று ஈரோட்டுப் பக்கம் நண்பரின் பண்ணைக்குட்டைக்குப் போனேன். வலையில் வந்ததைப் பார்த்ததும் "நல்ல கட்லா" என்றேன். வலை இழுத்தவர் சிரித்தார். "தலையைப் பாருங்க சார், கட்லாவுக்கு இத்துனூண்டு தலையா? இது ரோகு கலந்த ரெண்டுங்கெட்டான்." 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அதன் பிறகு பொரிப்பகங்கள் பெருகின. ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் சேர்த்து விட்டால் இப்படிக் கலப்புகள் பிறந்துவிடும்.

எனக்கு வெட்கம் வந்தது புழுவை நினைத்து. டாக்டைலோகைரஸில் பல இனங்கள் ஒரே ஒரு மீனினத்தைத் தவிர வேறெதையும் சீண்டாதவை. ஆனால் கலப்பு மீனுக்கு இருபக்கத்துச் சொந்தமும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஆறுகளில் பிரீம், ரோச் என்ற இரண்டு மீன்களின் கலப்பில் இதைப் பார்த்திருக்கிறார்கள். செக் நாட்டின் பிர்னோ நகர ஆய்வாளர்கள் சாதாரணக் கெண்டையையும் கிபெல் கெண்டையையும் கலந்து பார்த்தபோதும் முதல் தலைமுறைக் குஞ்சுகளில் இரண்டு பெற்றோரின் புழுக்களும் இருந்தன. மூளை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லாத புழு தாய்வழி, தகப்பன்வழி இரண்டையும் கண்டுகொள்கிறது. பட்டம் வாங்கிய நான் முழு மீனைக் கையில் ஏந்தியும் ஏமாந்தேன்.

அன்று புழு கிடைத்தது. நான்கு கண்புள்ளிகளும் தெரிய, உடம்பை நீட்டிச் சுருக்கிக்கொண்டு உயிரோடு இருந்தது. எல்லோரையும் கூப்பிட்டேன். அது கட்லாப் பக்கமா, ரோகுப் பக்கமா என்று சொல்லக் கொக்கியின் வடிவத்தையும் ஆணுறுப்பின் வடிவத்தையும் அளக்க வேண்டும். இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று லென்ஸைக் கீழே இறக்கினேன். கண்ணாடி நொறுங்கியது, புழு கூழானது. தோழனுக்குப் போன் செய்தேன். "சரி, மீனையாவது ஃபார்மலினில் போட்டு வைத்தாயா?" என்றான். அதற்குள் நண்பர் வீட்டில் குழம்பு வைத்திருந்தார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தேன். கட்லா ருசியா, ரோகு ருசியா என்று கேட்டான். அதுவும் தெரியவில்லை.